ஜூக்பாக்ஸ் ரெக்கார்டைக் கீறாமல் எடுத்து வைக்க: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

கேள்வியின் சாரம் இது. தேவகோட்டைப் பக்கம் ஒரு பூர்வீக வீடு. காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய ஏஎம்ஐ என்ற அமெரிக்க நிறுவனத்து வகை ஜூக்பாக்ஸ் ஒன்று, அதாவது கேட்ட ரெக்கார்டைத் தானே எடுத்துப் பாடும் பெட்டி, அங்கே நிற்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று (45 ஆர்பிஎம்), 100 ரெக்கார்டு. பெட்டியின் இயந்திரக் கை ரெக்கார்டைச் சுழல்தட்டில் 'டொப்'பென்று போடுகிறது. ரெக்கார்டின் விளிம்பில் வெள்ளைத் தழும்பு விழுகிறது. முள் சில நேரம் விளிம்புக்கு வெளியே இறங்குகிறது. நடுவில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஊர் ரேடியோ மெக்கானிக் "ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அந்த இயந்திரத்தில் கடைசியாகத் தொட வேண்டியது ஸ்பிரிங். ஸ்பிரிங் வயதாக ஆகத் தளருமே தவிர இறுகாது. தொழிற்சாலையில் வைத்த இழுவிசை இன்றைக்குக் கூடியிருக்க வழியே இல்லை. கை முரட்டுத்தனமாக இறங்குகிறது என்றால், அது வழியில் எங்கோ சிக்கி நின்று, விசை சேர்ந்து, சட்டென்று விடுபடுகிறது என்று பொருள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சத்தம் குறையலாம், ஆனால் பிடியும் சேர்ந்து தளரும். பாதி வழியில் ரெக்கார்டு நழுவிச் சுழல்தட்டின் ஓரத்தில் விழுந்தால் தழும்போடு போகாது, ரெக்கார்டே விரிசல் விட்டுவிடும்.

முதலில் இந்த வகைப் பெட்டி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம். ரெக்கார்டுகள் வட்டக் கூடையில் செங்குத்தாக நிற்கின்றன. கூடை சுற்றி வந்து, கேட்ட ரெக்கார்டு கைக்கு நேரே வந்ததும் பூட்டிக்கொண்டு நிற்கும். வில் போல வளைந்த கை ரெக்கார்டின் விளிம்பைக் கவ்வி வெளியே எடுக்கும். ஏ பக்கம் என்றால் ஒரு பக்கமாகவும் பி பக்கம் என்றால் மறுபக்கமாகவும் திருப்பிச் சுழல்தட்டில் கிடத்தும். பாட்டு முடிந்ததும் இதே வேலை தலைகீழாக நடக்கும். இத்தனையையும் நடத்துவது மோட்டாரும், பற்சக்கரங்களும், கேம் எனப்படும் மேடுபள்ளத் தகடுகளும்தான். கேமின் மேல் ஓடும் உருளை தடையில்லாமல் ஓடினால் கை பூப்போல இறங்கும். உருளை ஒட்டிக்கொண்டால், கேம் இறங்கிய பிறகும் கை மேலேயே நின்று, பிறகு மொத்தமாக விழும். உங்கள் 'டொப்' சத்தம் அநேகமாக இதுதான்.

காரணம் பழைய கிரீஸ். ஐம்பது அறுபது வருடத்தில் அது மஞ்சள் மெழுகாகி, அடுத்து அரக்காகவே இறுகிவிடும். செட்டிநாட்டு வெயிலில், ஜன்னல் சாத்திக் கிடந்த வீட்டில், காரைத்தூசியும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதன் மேலேயே புதுக் கிரீஸ் பூசுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. அதனால் ஒரு பயனும் இல்லை, அடியில் இருக்கும் அரக்கு அப்படியே இருக்கும். பழையதை முழுக்க எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூடையிலிருந்து ரெக்கார்டுகளை எல்லாம் இறக்கி, ஒவ்வொரு கீலையும் உருளையையும் கேம் ஓரத்தையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் ஊறவைத்துத் துடையுங்கள். பனியன் துணி நல்லது, நூல் விடாது. ரப்பர் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் ஆகாது. அங்கே செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால். எளிதில் கழற்ற முடிந்த கீல் ஊசிகளைக் கழற்றித் துடைப்பதே முறை. கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை இருந்தது என்பதில்தான் பாதி அளவுத் திருத்தம் அடங்கியிருக்கிறது.

அடுத்தது எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ விட்டுவிடாதீர்கள். நாளடைவில் அது பிசுபிசுத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் மசகு எண்ணெய் ஆகாது. அடித்த அன்றைக்கு எல்லாம் வழுக்கும், பிறகு காய்ந்து தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். மோட்டார் புஷ்களுக்கும் சுழல்தட்டின் அச்சுக்கும் எஸ்ஏஇ 20 தரத்து மோட்டார் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு. மெல்லிய கீல்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையால் தொட்டு. கேம் ஓரத்துக்கும் பற்களுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ், விரலில் தடவிப் பார்த்தால் வழவழப்பு தெரிகிற அளவு மட்டும். கவ்வும் விரல்களின் ரப்பரிலும், மோட்டார் தண்டிலும், உராய்ந்து ஓட்டும் ரப்பர் சக்கரத்திலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டுவிட்டால் ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள்.

இந்தத் துடைப்பு முடிந்து ஓட்டிப் பார்த்தாலே முரட்டுத்தனம் பெரும்பாலும் தணிந்துவிடும். அதனால்தான் இது முடியும் வரை ஒரு ஸ்க்ரூவையும் திருகக் கூடாது. அழுக்கோடு அளவு வைத்தால், அழுக்கு போனதும் அந்த அளவு தப்பாகிவிடும்.

ரப்பர் சமாச்சாரம் தனி. கையின் விரல்களில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மீள வேண்டும். கல் மாதிரி இருந்தால் விளிம்பின் வெள்ளைத் தழும்புக்கு அதுவே காரணம். இறுகிய ரப்பரின் ஓரம் வினைலை அரம் மாதிரி ராவும். அசல் பட்டை கிடைக்காவிட்டால் அதே கனத்தில் மெல்லிய நியோபிரீன் தாளை வெட்டி ஒட்டலாம். கனத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 2 மி.மீ. ஒட்டினால் கை மூடும் முன்பே ரெக்கார்டை நசுக்கும். இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். அவை நசுங்கியிருந்தால் மொத்த இயந்திரமும் ஒரு பக்கம் சாய்ந்து, கை ஓரிடமும் தட்டு ஓரிடமுமாக நிற்கும். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே தரத்தில், ஒரே நாளில் மாற்றுங்கள்.

பிறகு மட்டம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். ரசமட்டம் வேறு சொல்லும். ரசமட்டத்தைப் பெட்டியின் தலையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, சுழல்தட்டின் மேல் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். இந்தப் பெட்டிகள் 150 கிலோ, அதற்கு மேலும் கனக்கும். இரும்புச் சக்கரத்தை நேரே கல்லின் மேல் வைத்தால் கல் கீறும், வெடிக்கவும் கூடும். 12 மி.மீ. பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் நிறுத்தி, பலகைக்கு அடியில் சக்கை கொடுத்து மட்டம் செய்யுங்கள். முகப்பிலோ பட்டாலையிலோ உள் பக்கச் சுவரை ஒட்டி வைக்கலாம். முற்றத்து வெயில் சாயும் இடத்தில் வேண்டாம். கண்ணாடி மூடியின் வழியே வெயில் இறங்கினால் மதியத்துக்குள் ரெக்கார்டுகள் அப்பளமாக வளைந்துவிடும். வளைந்த ரெக்கார்டை எந்தக் கையாலும் மென்மையாகக் கையாள முடியாது.

இனி அளவு வைக்கும் வேலை. கெட்டுப்போன ஒரு ரெக்கார்டை, அதாவது கீறல் விழுந்து இனி கேட்க முடியாத ஒன்றை, சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் கழற்றியே இருக்கட்டும். இயந்திரக் கையை நடத்தும் மோட்டாரின் தண்டை, அது வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும், உங்கள் கையால் மெல்லச் சுற்றி ஒரு முழுச் சுற்றையும் நடத்திப் பாருங்கள். நேரம் பிடிக்கும். மின்சாரத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற காரியம் இப்போது ஒவ்வொரு மயிரிழையாகக் கண்ணில் படும். எதிர்த்திசையில் சுற்றினால் சில கேம்களில் நெம்பு தப்பான பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். எங்கே சுற்றக் கனக்கிறதோ அங்கே நிறுத்தி, ஏன் என்று பாருங்கள். பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள்.

முதல் நிறுத்தம் கூடை. கை உள்ளே நுழையும்போது ரெக்கார்டு இரண்டு விரல்களுக்கும் சரி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால், கை மூடும்போது ரெக்கார்டை இழுத்து நடுவுக்குக் கொண்டுவரும். அந்த இழுப்பில்தான் கீறல் விழுகிறது. ஓரிடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கூடையைச் சுற்றி எதிரெதிராக நாலு இடத்தில் பாருங்கள். நாலிலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகல் என்றால், கூடையை நிறுத்தும் பூட்டின் இடத்தைத் திருத்த வேண்டும். இடத்துக்கு இடம் மாறினால் கூடை வளைந்திருக்கிறது, அல்லது அதன் நடு அச்சு தேய்ந்திருக்கிறது. பூட்டைத் திருகி அதைச் சரிக்கட்ட முடியாது. ஓரிரு இடத்தில் மட்டும் தகராறு என்றால் அங்கேயுள்ள தடுப்புத் தகடு வளைந்திருக்கும், விரலாலேயே நிமிர்த்திவிடலாம்.

விரல்கள் எங்கே பதிகின்றன என்று தெரிய ஒரு வழி உண்டு. ரப்பர் பட்டைகளில் கண்மையை மிக லேசாகத் தடவிவிட்டு, சோதனை ரெக்கார்டை இயந்திரக் கையால் எடுக்க வையுங்கள். ரெக்கார்டில் கறை விழுந்த இடமே பிடி விழுந்த இடம். 45 ரெக்கார்டின் வெளி விட்டம் சுமார் 175 மி.மீ., பாட்டின் வரி, அதாவது முள் ஓடும் மெல்லிய பள்ளம், தொடங்குவது சுமார் 168 மி.மீ. விட்டத்தில். ஆக விளிம்பில் பாட்டில்லாத வெற்று ஓரம் 3 மி.மீ. சொச்சம்தான். கறை அந்த ஓரத்துக்குள் நிற்க வேண்டும், எல்லா விரலிலும் ஒரே கருமையாக இருக்க வேண்டும். ஒரு விரலில் அடர்த்தியாகவும் மற்றதில் மங்கலாகவும் இருந்தால் கை கோணியிருக்கிறது. கறை வரிகளுக்குள் போயிருந்தால், கை தேவைக்கு மேல் ஆழமாக நுழைகிறது. பிடியின் இறுக்கத்தை அறிய, பட்டைக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்துக் கையை மூடவிட்டு இழுத்துப் பாருங்கள். தாள் லேசான தடையோடு வர வேண்டும். கிழிந்தால் பிடி அதிகம், தானாக நழுவினால் குறைவு. சோதனை முடிந்ததும் மையை ஆல்கஹாலில் துடைக்க மறக்க வேண்டாம்.

இரண்டாம் நிறுத்தம் சுழல்தட்டு. கை ரெக்கார்டை விடும்போது, ரெக்கார்டு தட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுக்குமிழ் துளைக்குள் நுழைந்த பிறகே விரல் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் ரெக்கார்டு விழுகிறது; பிந்தித் திறந்தால் சுற்றுகிற தட்டு ஒரு பக்கம் இழுக்க, கை மறுபக்கம் பிடிக்க, விளிம்பு தேய்கிறது. கையின் இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் நிறுத்த ஸ்க்ரூவை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். தொடும் முன் பழைய இடத்தில் பெயிண்ட் புள்ளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

துளை நடுக்குமிழில் நேராக இறங்காமல் அதன் தோளில் உட்கார்ந்து பிறகு சறுக்கினால், எந்தத் திருகலையும் தொடும் முன் ஏ பக்கத்தையும் பி பக்கத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, விலகல் எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் விலகல் கையின் நீளவாக்கில், ஒரே திசையில் என்றால் கையின் நீட்டமோ தட்டின் இடமோ மாறியிருக்கிறது. கைக்குக் குறுக்குவாக்கில், ஏ-க்கு இடமும் பி-க்கு வலமுமாக மாறி விழுந்தால், ரெக்கார்டு கையின் நடுவில் பிடிபடவில்லை. கை திருப்பும்போது பிழையும் சேர்ந்து திரும்புகிறது. அதைத் தட்டின் பக்கம் திருத்தப் பார்த்தால் ஏ சரியாகி பி இரண்டு மடங்கு கெடும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்துவதால் கெட்ட பெட்டிகளே அதிகம். இங்கே கூடைக்குத் திரும்பிப் போய் முதல் நிறுத்தத்தைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும்.

இப்போது முள். வெற்று ஓரம் 3 மி.மீ. சொச்சம் என்றோம், முள் அதன் நடுவில், விளிம்பிலிருந்து ஒன்றரை மி.மீ. உள்ளே இறங்க வேண்டும். அதைவிட வெளியே வைத்தால் நெளிந்த ரெக்கார்டில் முள் விளிம்பைத் தாண்டி விழும், அதைவிட உள்ளே வைத்தால் பாட்டின் பல்லவி வெட்டுப்படும். இறங்கும் இடத்துக்கான திருகல், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் அடியில் இருக்கும். ஆனால் உங்கள் பெட்டியில் முள் 'சில நேரம்' மட்டும் வெளியே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எப்போதும் ஒரே மாதிரி தவறினால்தான் அது அளவுப் பிழை. சில நேரம் மட்டும் என்றால் ஏதோ ஆடுகிறது: டோன் ஆர்மின் கீல் பேரிங், அல்லது காய்ந்து கெட்டியான வயர். முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் காட்ரிட்ஜிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் வயதாகி விறைத்து, டோன் ஆர்மை ஒரு பக்கம் தள்ளும். மெல்லிய நெகிழ்வான வயராக மாற்றிய பிறகு இறங்கும் இடத்தைத் திருத்துங்கள்.

முள்ளின் அழுத்தத்தை ஊகத்தில் வைக்காதீர்கள். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதை ரெக்கார்டு இருக்கும் உயரத்திலேயே வைத்து அளக்க வேண்டும். உயரம் மாறினால் ஸ்பிரிங் தாங்கும் டோன் ஆர்மில் அளவும் மாறும். எவ்வளவு வைப்பது என்பதைக் காட்ரிட்ஜ் தீர்மானிக்கிறது. ஷூர் எம்44-7 ஒன்றரை முதல் 3 கிராம். அதே குடும்பத்து எம்44-சி 3 முதல் 5 கிராம், ஜூக்பாக்ஸ் வேலைக்கு ஏற்ற உழைப்பாளி. ஷூர் நிறுவனம் 2018-ல் காட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. மாற்று முள்களை மற்ற கம்பெனிகள் செய்கின்றன. அதற்கும் பழைய மோனோ காட்ரிட்ஜ்கள் இதைவிடக் கூடுதல் கனம் கேட்கும். அவை மேலும் கீழும் வளைந்து கொடுக்காதவை, அதனால் ஸ்டீரியோ ரெக்கார்டின் வரியை உழுதுவிடும். கூடையில் ஸ்டீரியோ இருந்தால் மோனோ காட்ரிட்ஜை மாற்றியே ஆக வேண்டும்.

அழுத்தத்தைக் குறைத்தால் ரெக்கார்டு பிழைக்கும் என்று நினைப்பதும் சரியல்ல. போதாத அழுத்தத்தில் முள் வரிக்குள் உட்காராமல் இரு சுவரிலும் மோதும், அந்தச் சேதம் கனத்தால் வரும் தேய்மானத்தைவிடக் கொடியது. உச்சஸ்தாயியில் 'கர்ர்' என்று கரகரத்தால் கால் கிராம் கூட்டிப் பாருங்கள். முள் தேய்ந்திருந்தால் எந்த அழுத்தமும் ஆகாது. வைர முள்ளை 500 மணி நேரத்தில் ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு அது பத்தாயிரம் தடவை. விருந்தினர் வந்து போகிற வீடாக இருந்தால் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

அழுத்தத்தோடு ஒட்டியது பாட்டு முடிந்ததை உணரும் டிரிப். பழைய பெட்டிகளில் டோன் ஆர்மே ஒரு நெம்பைத் தள்ளி அதைச் செய்ய வேண்டும். நெம்பு இறுகியிருந்தால் முள் கடைசி வரிகளில் பக்கச்சுவரைத் தேய்த்துக்கொண்டே போகும், அல்லது அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உள் வரிகள் மட்டும் இரைச்சலாக ஒலிக்கிற ரெக்கார்டுகள் பல இப்படிக் கெட்டவையே. டிரிப் நெம்பு வாயால் ஊதினால் அசைய வேண்டும். அங்கே எண்ணெய்கூட வேண்டாம், சுத்தமே போதும்.

இந்திய ரெக்கார்டு போடுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒன்று. அமெரிக்க ஜூக்பாக்ஸ் கணக்குப் போட்டது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள ரெக்கார்டுக்கு. நம் பழைய சினிமாப் பாட்டு ஈ.பி.-க்களில், அதாவது கூடுதல் பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டுகளில், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. வரிகள் லேபிளுக்கு வெகு அருகே வரை போகும். டிரிப் அமெரிக்க அளவிலேயே இருந்தால் இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் கை வந்து ரெக்கார்டைத் தூக்கிவிடும். டிரிப் புள்ளியை உள்ளே தள்ளி வையுங்கள். ஆனால் முள் லேபிள் தாளைத் தொடுகிற அளவுக்குப் போக வேண்டாம்.

அதைவிடப் பெரிய சங்கடம் துளை. ஜூக்பாக்ஸ் குமிழுக்கு 38 மி.மீ. துளை வேண்டும். நம் ஈ.பி.-க்கள் பெரும்பாலும் எல்.பி. போலவே 7 மி.மீ. சொச்சம் துளை உள்ளவை. சிலவற்றில் நடுத்துண்டைத் தட்டி எடுக்கும்படி வெட்டு இருக்கும், அவை பிரச்சினை இல்லை. மற்றவற்றில் துளையை அகலப்படுத்த வேண்டும். கடையில் மரம் துளைக்கும் ஹோல் ஸாவை வைத்து வெட்டித் தருகிறேன் என்பார்கள், கொடுக்காதீர்கள். துளையின் மையம் அரை மி.மீ. தள்ளினாலும், 60 மி.மீ. ஆரத்தில் சுருதி நூற்றுக்கு 0.8 மேலும் கீழும் ஆடும், ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.3 நொடிக்கு ஒருமுறை. நாதஸ்வரம் நீளக் கார்வை பிடிக்கும் இடத்தில் அழுகிற மாதிரி கேட்கும். சின்னத் துளையில் ஊசி நுழைத்து மையம் பிடித்துக்கொண்டு வெட்டும் தனிக் கருவி உண்டு, அதில்தான் வெட்ட வேண்டும். பிரதி கிடைக்காத ரெக்கார்டை வெட்டாமல் விடுவதே உத்தமம். அதைச் சாதாரண டர்ன்டேபிளில் கேட்டுக்கொள்ளலாம், ஜூக்பாக்ஸுக்கு இரண்டாம் பிரதி தேடலாம்.

மாடி அறைப் பெட்டிகளில் கிடைக்கும் 78 ஆர்பிஎம் தட்டுகளை இந்தப் பெட்டி பக்கமே கொண்டு போகாதீர்கள். அவை அரக்குத் தட்டுகள், உடையும்; வரியும் அகலம். 45-க்கான முள்முனை 18 முதல் 25 மைக்ரான், 78-க்கு அதைப்போல் மூன்று மடங்கு. துடைக்க வைத்திருக்கும் ஆல்கஹால் அரக்குத் தட்டில் பட்டால் மேற்பரப்பையே கரைத்துவிடும், அதையும் எட்ட வையுங்கள்.

பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படித்தீர்களா? 115 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று இருந்தால், 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், சைக்கிளை மாற்றாது. நம் ஊர் 50 சைக்கிளில் சுழல்தட்டு மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகமே சுற்றும்: 45-க்குப் பதில் 37.5. ஐந்து கட்டைப் பாட்டு மூன்று கட்டைக்கு இறங்கி, பாடகி பாடகராகிவிடுவார். திருத்தும் இடம் மோட்டார் தண்டு மட்டும்தான். நடுவில் ஓடும் ரப்பர் சக்கரத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் வேகம் மாறாது. இதைத் தெரியாமல் ரப்பர் சக்கரத்தைச் செய்து செய்து பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. தண்டின் விட்டத்தை 1.2 மடங்காக்கும் பித்தளை உறை ஒன்று கடைசல் பட்டறையில் செய்து கொள்ளுங்கள். தண்டு 10 மி.மீ. என்றால் உறையின் வெளி விட்டம் 12. அதில் 0.1 மி.மீ. பிசகினால் வேகம் நூற்றுக்கு ஒன்று பிசகும், ஆகவே வெர்னியரோடு நின்று வாங்குங்கள். சரிபார்க்க, 50 சைக்கிளுக்கான 133 கோட்டு ஸ்ட்ரோப் தாளைத் தட்டில் வைத்து, பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள்; வேகம் சரி என்றால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். நல்ல எல்இடி பல்பு சிமிட்டாது, கோடு நிற்கிறதா என்று தெரியாது. 60 சைக்கிள் மோட்டாருக்கு 50-ல் 115 வோல்ட் முழுசாகக் கொடுத்தால் சூடேறும். டிரான்ஸ்பார்மரில் 100 வோல்ட் இணைப்பு முனை (டேப்) இருந்தால் அதில் போடுங்கள். கையை நடத்தும் மோட்டாரும் ஆறில் ஐந்து வேகத்தில் ஓடும். அதை மாற்ற வேண்டாம். கை சற்று நிதானமாக வருவது ரெக்கார்டுக்கு நல்லதே.

இன்னொரு அமெரிக்க ஜூக்பாக்ஸ் நிறுவனமான சீபர்க்கின் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தை. 45 ரெக்கார்டை 1950-ல் ஜூக்பாக்ஸுக்குக் கொண்டுவந்தது அவர்களின் எம்100பி. அதில் ரெக்கார்டு நின்றபடி பாடும். வண்டி தண்டவாளத்தில் ஓடி, ரெக்கார்டுக்கு நேரே நிற்க, அடியிலிருந்து ஒரு கை அதை மேலே தள்ளி, நடுவில் பிடி விழும். முள் இரு பக்கமும் உண்டு. பக்கத்துக்கு ஏற்ப மோட்டார் திசை மாறும். கவ்வும் விரல் இல்லாததால் விளிம்புத் தழும்பு குறைவு. ஆனால் வண்டி நிற்கும் இடம் சற்றே பிசகினாலும் தூக்கும் கை ரெக்கார்டின் அடியில் நடுவாகப் படாமல் ஓரத்தில் குத்தும். அங்கேயும் விதி ஒன்றே: தண்டவாளமும் உருளைகளும் முதலில் சுத்தம், அளவு பிறகு. வண்டி சிக்கினால் நழுவிக் கொடுக்கும் கிளட்ச் ஒன்று உண்டு. அது நழுவுகிறதே என்று இறுக்கிவிடாதீர்கள். அது நழுவுவதால்தான் ரெக்கார்டு உடையாமல் இருக்கிறது.

பெட்டிக்குள் விளக்குச் சூடும் உண்டு. டியூப் லைட்டையும் அதன் சோக்கையும் எடுத்துவிட்டு எல்இடி பட்டை போட்டால் கூடையின் அருகே வெப்பம் தணியும். பின்பக்கத்து ஓட்டைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடியுங்கள். எலி வயரைக் கடிக்கும், பல்லி எச்சம் காண்டாக்டை அரிக்கும். காற்றோட்டத்தை மட்டும் அடைக்கக் கூடாது.

மின்வெட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரெக்கார்டு கையில் இருக்கும்போது கரண்ட் போனால் அப்படியே விட்டுவிடுங்கள். வந்ததும் கேம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரெக்கார்டை நாமே பிடுங்கிக் கூடையில் திருப்பி வைத்தால், இயந்திரக் கை வெறுங்கையாகத் திரும்பிப் போய் அந்த ரெக்கார்டோடு மோதலாம். கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் தண்டைக் கையால் சுற்றி, சுற்றை முடித்து வையுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடேறும், அந்த அதிர்வு சுழல்தட்டு வழியாக முள்ளுக்கும் போகும்.